சிங்கப்பூர் டு நியூயார்க்: 15,300 கிலோமீட்டரா, 16,700 கிலோமீட்டரா?

இடையில் நிற்காமல் பறக்கும் பயணிகள் விமானங்களிலேயே மிக நீளமானது எது என்ற பேச்சு வந்தால் சிங்கப்பூர்–நியூயார்க் பெயர்தான் முதலில் வரும். சரி, எவ்வளவு தூரம் என்று தேடினால் குழப்பம் ஆரம்பம். இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட்டுத் தரும் கருவிகள் 15,349 கி.மீ. என்கின்றன. 2018-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தச் சேவையை மறுபடி தொடங்கியபோது வந்த செய்திகளில் சுமார் 16,700 கி.மீ. என்று இருக்கிறது. 1,300 கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். வான்வழியில் சென்னையிலிருந்து மும்பைக்கே அவ்வளவு தூரம் இல்லை.

நேரமும் அப்படித்தான். கருவிகள் 19 முக்கால் மணி நேரம் வரை காட்டும், அட்டவணையில் ஏறக்குறைய 18 முக்கால் மணி நேரம் இருக்கும், 2018 அக்டோபரில் பறந்த முதல் விமானமோ 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, விமானத்தின் தடத்தை நேரலை வரைபடத்தில் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கிறார்கள்: போகும்போதும் கிழக்கு நோக்கிப் போகிறது, திரும்பும்போதும் கிழக்கு நோக்கியே வருகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணும் வெவ்வேறு கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

15,349 எங்கிருந்து வந்தது?

தட்டையான வரைபடத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் வரும் கோடு குறுக்குவழியே இல்லை. ஒரு சாத்துக்குடியை எடுத்து இரண்டு இடத்தில் புள்ளி வையுங்கள். ஒரு நூலை இரண்டு புள்ளிக்கும் நடுவே இழுத்துப் பிடித்தால் அது தானாகவே ஒரு வழியில் போய் நிற்கும். அந்த நூலை அப்படியே நீட்டிப் பழத்தைச் சுற்றினால் அது பழத்தைச் சரிபாதியாக வெட்டும் வட்டமாக இருக்கும். இதைத்தான் பெருவட்டம் என்கிறார்கள். பூமியின் மேல் இரு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி என்பது அந்த இரண்டையும் தொடும் பெருவட்டத்தின் ஒரு துண்டு.

பொதுவாக இதைக் கணக்கிடக் கோள வடிவக் கணிதம் வேண்டும். ஆனால் இந்த ஜோடி ஊர்களுக்குக் கூட்டல் பெருக்கலே போதும்.

1. சாங்கி விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு 1.36 டிகிரி வடக்கே இருக்கிறது. வட துருவம் 90 டிகிரி. ஆக, சாங்கியிலிருந்து துருவம் வரை 88.64 டிகிரி.
2. நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் 40.64 டிகிரி வடக்கே. துருவத்திலிருந்து அங்கே இறங்கிவர 49.36 டிகிரி.
3. சாங்கி இருப்பது சுமார் 104 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், கென்னடி சுமார் 73.8 டிகிரி மேற்கில். கூட்டினால் 177.8. இது 180 என்றால் இரண்டும் துருவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேரெதிரே இருக்கின்றன என்று அர்த்தம். கிட்டத்தட்ட அதே நிலைதான், அதனால் மிகக் குறுகிய வழி ஏறக்குறைய துருவத்தின் உச்சந்தலை மேலேயே போகிறது.
4. எனவே இரண்டையும் கூட்டினால் போதும்: 88.64 + 49.36 = 138 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது சராசரியாக 111.2 கி.மீ. பெருக்கினால் 15,345.

கருவி சொல்லும் எண்ணுக்கும் நமக்கும் நாலு கிலோமீட்டர்தான் வித்தியாசம். பூமி சரியான உருண்டை இல்லை, துருவத்தில் கொஞ்சம் தட்டை. நாமும் தசமங்களை வெட்டிச் சுருக்கியிருக்கிறோம். (2018-ல் தொடங்கிய சேவை பக்கத்து நியூவர்க் விமான நிலையத்துக்கு. கென்னடிக்குச் சேவை வந்தது 2020 நவம்பரில். தூரத்தில் சுமார் 5 கி.மீ. மாறும், நம் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.)

ஆக 15,349 என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பூமியின் மேல் உள்ள தூரம். அதில் விமானமே கிடையாது. காற்று, நாடுகளின் எல்லை, எரிபொருள் எதுவும் அதற்குத் தெரியாது.

அந்தக் கோட்டிலேயே பறந்தால் என்ன?

சாங்கியிலிருந்து இந்தக் கோட்டைப் பிடித்து வடக்கே போனால் தாய்லாந்து வளைகுடா, இந்தோசீனா, திபெத் பீடபூமியின் கிழக்கு ஓரம், மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா என்று ஏறி, வட துருவத்துக்கு 300 கி.மீ.-க்குள்ளாகக் கடந்து, கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கும். படத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில் சிக்கல்கள் உண்டு.

மலைப்பகுதிக்கு மேலே பறக்கும்போது கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் விமானம் உடனே சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு இறங்க வேண்டும். கீழே அதைவிட உயரமான மலை இருந்தால் இறங்க இடமில்லை. துருவத்துக்குப் பக்கத்தில் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடுவதால் அவற்றின் மூலம் பேச முடியாது, வேறு ஏற்பாடு வேண்டும். குளிரும் ஒரு பிரச்சினை. விமான எரிபொருளான ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும், வெளியே அதைவிடக் குளிராக இருக்கும், ஆகவே தொட்டியின் வெப்பநிலையைப் பைலட்டுகள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் நாடுகளின் வான்வெளி அனுமதி, அதற்கான கட்டணம்.

இவை எல்லாமே சமாளிக்கக்கூடியவைதான். துருவ வழியில் தினமும் விமானங்கள் போகத்தான் செய்கின்றன. அந்தக் கோட்டைக் கைவிடுவதற்குப் பெரிய காரணம் வேறு.

காற்றுதான் காரணம்

இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் விமானம் போகும் வேகம் காற்றுவேகம். தரையோடு ஒப்பிட்டால் வரும் வேகம் தரைவேகம். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை: துடுப்பை ஒரே மாதிரிதான் போடுகிறார், ஆனால் நீரோட்டத்தோடு போகும்போது கரை வேகமாக நகர்கிறது, எதிர்த்துப் போகும்போது நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இருக்கிறது. இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானத்தின் காற்றுவேகம் உச்ச உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. இது பெரிதாக மாறாது. பின்னாலிருந்து 100 கி.மீ. காற்று தள்ளினால் தரைவேகம் 1,000, எதிரே அடித்தால் 800.

ஜெட் ஸ்ட்ரீம் இங்கேதான் வருகிறது. பூமியின் மித வெப்பப் பகுதிகளுக்கு மேலே, ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்று ஆறு அது. விமானங்கள் பறக்கும் உயரமும் அதுவேதான். குளிர்காலத்தில் பலமாக இருக்கும், சில நேரங்களில் மணிக்கு 300 கி.மீ.-ஐயும் தாண்டும். ஜப்பானுக்கு மேலே இது மிகப் பலம். 1920-களிலேயே ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி பலூன் விட்டு இதை அளந்துவிட்டார். உலகமே படிக்கட்டும் என்று தன் அறிக்கையை, உலகப் பொதுமொழியாகச் செயற்கையாக உருவாக்கப்பட்ட எஸ்பராண்டோவில் வெளியிட்டார், விளைவு, கிட்டத்தட்ட யாருமே படிக்கவில்லை. 1944-ல் ஜப்பான் மீது குண்டு வீசப் போன அமெரிக்க விமானிகள் எதிர்பாராத காற்றில் சிக்கித் திணறினார்கள்.

இந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்கு நல்ல உதாரணம் 2020 பிப்ரவரி. அட்லாண்டிக்கில் சியாரா புயல். நியூயார்க்கிலிருந்து லண்டன் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய் இறங்கிவிட்டது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.-ஐத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டது என்று அப்போது சிலர் எழுதினார்கள், அது தவறு. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது, அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு பழைய சந்தேகத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, அப்போது மேற்கே போகும் விமானம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டாமா? வேண்டாம். காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, விமானம் அதற்குள்தான் இருக்கிறது. ஓடும் ரயிலுக்குள் பறக்கும் ஈ பின்சுவரில் போய் மோதுவதில்லை.

இப்போது இரண்டு வழியையும் ஒப்பிடுவோம்

காற்றின் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, தினம் தினம் மாறுபவை.

1. துருவ வழி: 15,345 கி.மீ., காற்றின் உதவியும் இல்லை, தொந்தரவும் இல்லை. 900-ஆல் வகுத்தால் 17 மணி 3 நிமிடம்.
2. பசிபிக் வழி: சாங்கியிலிருந்து வடகிழக்கே தென்சீனக் கடல், ஜப்பான் பக்கம், பிறகு பசிபிக்கைக் குறுக்கே தாண்டி வட அமெரிக்கா. தூரம் 16,600 கி.மீ. என்று வைப்போம், வழிநெடுக சராசரியாக 80 கி.மீ. பின்காற்று. தரைவேகம் 980. வகுத்தால் 16 மணி 56 நிமிடம்.

1,250 கி.மீ. அதிகம் போயும் ஏழு நிமிடம் முன்னால். பார்ப்பவர்களுக்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோல இருக்கும், ஆனால் எரிபொருள் கணக்கில் இதுதான் நேர்வழி. செய்திகளில் வந்த 16,700 கி.மீ. இப்படிப் பறக்கும் வழியின் தூரம்தான். 16 மணி 56 நிமிடம் 900 கி.மீ. வேகத்தில் காற்றுக்குள் பறந்தால் அது கடந்த காற்றின் தூரம் சுமார் 15,240 கி.மீ.தான், அதாவது பெருவட்டத் தூரத்தையும்விடக் குறைவு. எஞ்சின் எரிப்பது இந்தத் தூரத்துக்குத்தான், தரையில் நாம் அளக்கும் தூரத்துக்கு அல்ல. விமான நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவு ஒவ்வொரு நாளும் வானிலைக் கணிப்பை வைத்து இதைத்தான் கணக்கிடுகிறது. பின்காற்று 80-க்குப் பதில் 50 என்றால் பசிபிக் வழி 17 மணி 28 நிமிடமாகிவிடும், அன்றைக்குத் தராசு மறுபக்கம் சாயும். நேற்று போன தடத்தில் இன்றைக்குப் போகாததற்கு இதுதான் காரணம்.

முதல் விமானத்தின் 17 மணி 52 நிமிடத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அன்று பறந்த தூரத்தை 16,500 என்றே வைத்துக்கொண்டாலும் சராசரி வேகம் 920-ஐத் தாண்டுகிறது. மெதுவாக ஏறும், இறங்கும் நேரத்தையும் சேர்த்து இந்தச் சராசரி என்றால், பின்காற்று இல்லாமல் வந்திருக்க முடியாது.

திரும்பும்போது? பசிபிக் வழியே திரும்பினால் அதே காற்று முகத்தில் அறையும். ஆகவே பெரும்பாலான நாட்களில் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா வழியாக, மறுபடியும் கிழக்கு நோக்கியே, பின்காற்றோடு வருகிறார்கள். இரண்டு ஊரும் பூமிப்பந்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் கிடைத்த வசதி இது, எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரம் கிட்டத்தட்ட ஒன்று. இந்த வழியில் போய்த் திரும்பும் பயணி உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார், பலர் கவனிப்பதுகூட இல்லை.

சென்னை–லண்டன் போன்ற வழிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. போன வழியேதான் வர வேண்டும், அதனால்தான் லண்டன் போக ஆகும் நேரம் அதிகம், திரும்பி வர ஆகும் நேரம் குறைவு. போகையில் இழந்ததை வருகையில் பிடித்துவிடலாம் என்று நினைப்பதும் சரியில்லை. 8,000 கி.மீ. வழியில் 100 கி.மீ. காற்று என்றால், எதிர்த்துப் போக 10 மணி நேரம், தள்ளிக்கொண்டு வர 8 மணி நேரம், மொத்தம் 18. காற்றே இல்லாவிட்டால் 17 மணி 47 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரம், அதனால் வரவும் செலவும் சரியாவதில்லை.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எது?

பறக்கும் நேரம் என்பது ரன்வேயிலிருந்து எழும்பி மறுபக்கம் ரன்வேயைத் தொடும் வரை. அட்டவணையில் போடுவது பிளாக் டைம், அதாவது இங்கே கேட்டிலிருந்து நகர்ந்த நொடியிலிருந்து அங்கே கேட்டில் போய் நிற்கும் வரை. நியூயார்க் மாதிரி இடத்தில் தரையில் ஊர்ந்துபோகவே அரை மணி ஆகலாம். மோசமான காற்றுள்ள நாட்களும் சேர்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள், ஆகவே நல்ல நாளில் விமானம் "முன்கூட்டியே" வந்துவிடும். கணக்கிடும் கருவிகள் பல, தூரத்தை 800 போன்ற ஒரே வேகத்தால் வகுத்து அரை மணியைக் கூட்டிச் சொல்லிவிடுகின்றன. 15,349-ஐ 800-ஆல் வகுத்து அரை மணி சேர்த்துப் பாருங்கள், அந்த 19 முக்கால் வந்துவிடும். இணைப்பு விமானத்துக்கு நேரம் பார்ப்பவர்கள் இதை நம்பக் கூடாது, அட்டவணையை மட்டும் பார்க்க வேண்டும்.

தேதிதான் இன்னும் பலரைக் கவிழ்க்கிறது. சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கைவிடக் கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம் முன்னால். நியூயார்க்கில் ஒரு கோடைத் திங்கட்கிழமை இரவு 10.30-க்கு விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அப்போது செவ்வாய் காலை 10.30. பதினெட்டரை மணி நேரம் கூட்டினால் புதன் அதிகாலை 5 மணி. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +2 என்று இருக்கும். அழைத்துப்போக வரும் உறவினர் செவ்வாய்க்கிழமையே வந்து காத்திருப்பதும், ஹோட்டலை ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்துவிடுவதும் இந்த +2-ஐப் பார்க்காததால் நடப்பவை.

தூரத்தின் விலை

எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். நீண்ட பயணத்தின் கஷ்டமெல்லாம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. 19-ஆவது மணி நேரத்தில் எரிக்கப்போகும் எண்ணெயை முதல் 18 மணி நேரமும் தூக்கிக்கொண்டே பறக்க வேண்டும்.

இந்த வழியில் பறப்பது ஏ350-900-இன் யு.எல்.ஆர். (அல்ட்ரா லாங் ரேஞ்ச், அதாவது மிக நெடுந்தூர) வகை. சாதாரண ஏ350-900-இல் சுமார் 1,41,000 லிட்டர் பிடிக்கும் என்றால் இதில் 1,65,000 லிட்டர். லிட்டருக்கு 0.8 கிலோ என்று வைத்தால் தொட்டி நிரம்ப 132 டன். விமானம் எழும்பும்போது அனுமதிக்கப்படும் மொத்த எடையே 280 டன். கிட்டத்தட்டப் பாதி. அதில் போகும் 161 பயணிகளையும் அவர்கள் பெட்டிகளையும் ஆளுக்கு 100 கிலோ என்று போட்டாலும் 16 டன்தான் வருகிறது. ஒரு விதத்தில் இது பயணிகளையும் ஏற்றிக்கொள்ளும் எண்ணெய் டேங்கர்.

161 என்ற எண்ணே கதை சொல்லும். இதே நிறுவனத்தின் நெடுந்தூர ஏ350-இல் 253 இருக்கைகள். யு.எல்.ஆரில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, சாதாரண எகானமி கிடையவே கிடையாது. முன்பக்கச் சரக்கு அறையும் பயன்பாட்டில் இல்லை. ஆட்களைக் குறைத்தால்தான் எடை குறையும், ஆட்கள் குறைந்தால் ஒவ்வொருவரும் அதிகம் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும். மலிவு டிக்கெட் கிடைக்கவில்லையே என்று தேடுபவர்களுக்குப் பதில் இதுதான்: அந்த வகுப்பே அதில் இல்லை.

இதே வழியில் 2004 முதல் ஏ340-500 பறந்தது. நாலு எஞ்சின், எண்ணெயைக் குடித்துத் தீர்க்கும். 2008-ல் எல்லாவற்றையும் பிசினஸ் இருக்கையாக்கி, மொத்தம் 100 பேரோடு ஓட்டிப் பார்த்தார்கள். அதுவும் தாக்குப்பிடிக்காமல் 2013 நவம்பரில் நின்றது. ஐந்து வருடம் கழித்து இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகுதான் மறுபடி சாத்தியமானது. ஊர்கள் நகரவில்லை, தூரமும் மாறவில்லை, ஒரு கிலோமீட்டருக்கு எரியும் எண்ணெய் மட்டும் குறைந்தது.

வழியில் ஒரு கதவு மூடினால்

மேலே சொன்ன கணக்கெல்லாம் எந்த வழியிலும் போகலாம் என்ற நிபந்தனையில்தான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒருவர் விமானங்களுக்கு மற்றவர் வான்வெளியை மூடிக்கொண்டார்கள். அதிக அடி வாங்கியது பின்லாந்தின் ஃபின்ஏர். ஹெல்சின்கி–டோக்கியோ பெருவட்டத் தூரம் 8,000 கி.மீ.-க்கும் குறைவு, முன்பு சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த பயணம். ரஷ்யாவைத் தொடாமல் போக வேண்டும் என்றானதும் வட துருவத்தைச் சுற்றியோ, தெற்கே இறங்கியோ போய் 13 மணி நேரமானது. துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு நிறுவனம் சான்றிதழும் ஸ்டிக்கரும் கொடுத்தது; மூன்றரை மணி நேர எண்ணெய்ச் செலவுக்கு அது ஆறுதலா என்பது வேறு விஷயம்.

நமக்குப் பக்கத்திலேயும் நடந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போன சில விமானங்கள் வியன்னா, கோபன்ஹேகன் என்று இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தூரம் காட்டும் கருவியில் டெல்லிக்கும் வட அமெரிக்க ஊர்களுக்கும் இடையிலான எண் அன்றைக்கும் மாறவில்லை.